என் தோள் வரைக்கும்

உயரம் எவ்வளவு என்று கடைக்கார அக்கா கேட்டதும் நான் கையைத் தூக்கி என் தோளைத் தொட்டுக் காட்டினேன், இவ்வளவு. அவள் என் தோளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது உங்க தோளுங் தம்பி. ஓட்டப் போற புள்ள எத்தன சென்டிமீட்டருன்னு கேட்டேன்." துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி அதில் ஒரு ஸ்பேனரைச் செருகியிருந்தாள், ஒரு கன்னத்தில் கிரீஸ். எனக்குத் தெரியவில்லை. நிரோஷாவை ஐந்து வருஷமாகத் தெரியும், தும்மினால் விடாமல் மூன்று தும்மல் என்று தெரியும், தட்டில் கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் தின்பாள் என்று தெரியும், கோபம் வந்தால் பேசமாட்டாள், இடது செருப்பை மட்டும் கழற்றிக் கழற்றி மாட்டுவாள், அதுவும் தெரியும். உயரம் தெரியாது. பக்கத்தில் நின்றால் அவள் உச்சந்தலை என் தோளில் முடியும், அவ்வளவுதான் என்னிடம் இருக்கும் அளவு. நான் நகர்ந்துவிட்டால் அதுவும் இல்லை. இதையெல்லாம் யோசிக்க இதுவா நேரம், இதுவா இடம். போஜன் அண்ணனின் லாரி மண்டியில் கேரட் இறக்கிக்கொண்டிருக்கிறது, ஒரு மணிக்குக் காலி லாரி கோத்தகிரிக்குத் திரும்பும், அதற்குள் சைக்கிளை ஏற்றினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மணி பன்னிரண்டு பத்து. மேட்டுப்பாளையத்து வெயில் தகரக் கூரை வழியாக மண்டையில் இறங்குகிறது, மேலே இந்நேரம் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். ஒன்பதாவதில் ஒருநாள் எல்லோருக்கும் உயரம் எடை எடுத்தார்கள், சுவரில் டேப் ஒட்டி, பி.டி. சார் மரஸ்கேலை ஒவ்வொரு தலையிலும் வைத்து எண்ணைச் சத்தமாகக் கத்துவார், நிரோஷா குதிகாலைத் தூக்கி நின்றாள், அவர் ஸ்கேலால் ஒரு தட்டு தட்டி அவளைக் கீழே இறக்கினார், வகுப்பே சிரித்தது, நான்தான் முதலில் சிரித்தேன், அப்புறம் அவர் எண்ணைச் சொன்னார். சிரிப்பு ஞாபகம் இருக்கிறது, அவள் காது சிவந்தது ஞாபகம் இருக்கிறது. எண் இல்லை. நூற்று ஐம்பது சொச்சம். அந்தச் சொச்சம்தான் வேண்டுமாம் இந்த அக்காவுக்கு.

"சரி, உயரம் அப்பறம் பாக்கலாம், எதுக்கு ஓட்டறாங்க, கிரவுண்டுலயா, மலையிலயா?" மலையில் என்றேன். ஒன்பது கிலோமீட்டர், ஏழு வளைவு, போகும்போது முழுக்க ஏற்றம், உச்சியில் ஆஸ்பத்திரி, அங்கே ரிசப்ஷனில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுக்கிறாள், காலை ஏழு மணிக்கு இருக்க வேண்டும், முதல் பஸ்ஸே ஏழே காலுக்குத்தான். இவ்வளவையும் சொல்லவில்லை, மலையில் என்று மட்டும் சொன்னேன். "யாரு, தங்கச்சியா?" இல்லை. "ஓ" என்றாள், அந்த ஓ எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றைக் காட்டினாள். முதலாவது ரோஸ் கலர், முன்னால் கூடை, கியர் கிடையாது, அதை நான் கையாலேயே வேண்டாம் என்று தள்ளிவிட்டேன், நிரோஷாவை ரோஸ் கலர் சைக்கிளில் நினைத்துப் பார்த்தாலே எனக்கு அடி விழும். இரண்டாவதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கறுப்பு. குண்டு டயர், என் தொடை தண்டிக்கு. முன்னால் குலுக்கலைத் தாங்க இரண்டு ஷாக், சீட்டுக்கு அடியில் ஒரு ஷாக், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், சின்ன மோட்டார் பைக் மாதிரி நின்றது. மூன்றாவது சாம்பல் கலர், போன வருஷத்து மாடலாம், சின்ன பிரேம், ஷாக் கிடையாது, பிரேக்கும் சாதாரண ரப்பர் பிரேக், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். முன்னால் மூன்று பல்சக்கரம், அதில் ஒன்று உள்ளங்கை அகலம்தான், "ஏத்தத்துக்கு அதானுங் சாமி" என்று அக்கா அதை ஸ்பேனரால் தட்டிக் காட்டினாள். "தூக்கிப் பாருங்க." கறுப்பைத் தூக்கினேன். கேரட் மூட்டை தூக்குகிற கைதான், இருந்தாலும் முழங்கை இழுத்தது. சாம்பலை சீட்டுக்கு அடியில் நாலு விரல் கொடுத்துத் தூக்கினேன், வந்துவிட்டது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. இரண்டுமே நான் வைத்திருப்பதற்குள் அடங்கிவிடும். அதுதான் தொல்லை. விலை அதிகம், அதனால் இதை எடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

கறுப்பைத்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றியது, ஏன் தோன்றுகிறது என்றும் உடனே தெரிந்துவிட்டது, அப்படித் தெரிவது ஒரு எழவு, தெரியாமலிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அதை மிதித்து அவளால் இரண்டாவது வளைவைத் தாண்ட முடியாது. இறங்குவாள். தள்ளுவாள். முதல் நாள் தள்ளுவாள், இரண்டாவது நாள் தள்ளுவாள், வேர்த்து நனைந்து ஏழே காலுக்குப் போய் திட்டு வாங்குவாள், ஒரு வாரம் கழித்து சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும், நல்ல சைக்கிள்தான், நான் வாங்கிக் கொடுத்ததுதான், குற்றம் சொல்ல முடியாது, அப்புறம் ஆறு மணிக்கு போன் வரும், சுகு, இன்னிக்கு மட்டும் கொண்டுவந்து விடறியா. இன்னிக்கு மட்டும். வண்டியை எடுப்பேன். பின்னால் ஏறுவாள். கை என் தோளில் வரும். அந்தக் கையைத்தான் நான் பார்க்கிறேன், சைக்கிளை இல்லை. விடியற்காலை மூன்று மணியிலிருந்து மெஷினில் கேரட் கழுவுகிறவனுக்குக் கை மரத்துப்போய்விடும், தண்ணீர் ஐஸ், விரலைக் கிள்ளினாலும் உணர்ச்சி இருக்காது, ஆறு மணிக்கு அவள் கை என் தோளில் படும்போதுதான் உடம்பில் ஒரு இடமாவது சூடாக இருக்கிறது என்று தெரியும். இதை அவளிடம் சொன்னது கிடையாது. சொன்னால் சிரிப்பாளோ என்னவோ. பதினொன்றில் பாதியில் நின்றேன், இயற்பியல் மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான், அதற்கு ஒரு கதையும் கிடையாது, அப்போதும் அவள் போகாதே என்று சொல்லவில்லை, அப்படியா என்றாள், மறுநாள் என் பெஞ்சில் வேறு யாரோ. அவள் பன்னிரண்டு முடித்தாள், வேலைக்குப் போனாள், அடுத்து நர்சிங் என்கிறாள், நான் அதே மெஷின் பக்கத்தில் அதே ரப்பர் பூட்ஸ். ஆனால் ஏழு வளைவுக்கும் நான்தான் ஓட்டினேன். என் வண்டி இல்லாமல் அவள் ஒருநாளும் மேலே போனதில்லை. அது ஒன்றுதான் என் பக்கம் இருந்தது.

"தம்பி, கறுப்பு கேக்கறீங்களா?" அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து கால் மேல் வைத்துக்கொண்டாள், எலுமிச்சை சாதம். "பாக்கறேன்." "பாருங்க. வாங்கிக் குடுக்கறவங்க எல்லாம் அதத்தான் எடுப்பாங்க. ஓட்டறவங்க வந்தா இதத்தான் எடுப்பாங்க. நான் ரெண்டையும் விப்பேன், எனக்கென்னங்." எனக்குச் சுருக்கென்றது. சொல்லிவிட்டு ஒரு வாய் சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை, ஊறுகாயைப் பார்த்தாள். நான் கறுப்பின் மேல் ஏறி உட்கார்ந்தேன், எனக்கு அச்சாகப் பொருந்தியது, ஹேண்டில் கைக்கு வந்தது, கால் தரையில் பட்டது, பொருந்தாமல் என்ன, நான் உட்கார்ந்தால் எனக்குத்தானே பொருந்தும். கடைக் கண்ணாடியில் பார்த்தேன், நன்றாக இருந்தேன். அவள் உட்கார்ந்தால் நடுக்கம்பி எங்கே வரும், கால் தரைக்கு எட்டுமா, சடாரென்று வளைவில் நிறுத்தினால் எந்தப் பக்கம் சாய்வாள், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். இறங்கிவிட்டேன்.

மூன்றாவது வளைவு. நினைக்கக் கூடாது என்று நினைத்தால் அதுதான் வருகிறது. ஆஸ்பத்திரி விட்டு மூன்றாவது வளைவு வரை அவள் இறங்கி வந்து நிற்பாள், அங்கே நான் ஏற்றிக்கொள்வேன், வழக்கம். போன மாதம் ஒருநாள், செவ்வாய்க்கிழமை, அதற்கு முந்தின சாயங்காலம் அவள் போனில் யாரோடோ பேசிச் சிரித்தாள், யார் என்றேன், ஆஸ்பத்திரி சார் என்றாள், என்ன சிரிப்பு என்றேன், உனக்குச் சொன்னால் புரியாது என்றாள். புரியாது. ஒரு வார்த்தை. ராத்திரி முழுக்க அது காதில் ஈ மாதிரி. மறுநாள் நான் சீக்கிரமே வந்துவிட்டேன், நாலரைக்கே, ஆனால் வளைவுக்குப் போகவில்லை. மேல் ரோட்டில் ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் மூன்றாவது வளைவு கால்மாட்டில் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு வந்தாள். நின்றாள். ஐந்தே காலுக்குத் தூறல். குடை இல்லை, பையைத் தலையில் வைத்துக்கொண்டாள், செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். எனக்கு இரண்டு போன், எடுக்கவில்லை. பஜ்ஜி போட்டிருந்தான், இரண்டு வாங்கித் தின்றேன், எண்ணெய் ருசிகூட ஞாபகம் இருக்கிறது. ஒரு லாரிக்காரன் அவள் பக்கத்தில் மெதுவாக்கினான், எழுந்தேன், அவன் போய்விட்டான், மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்துகொண்டேன், அதைத்தான் சொல்கிறேன். ஆறே காலுக்குத்தான் இறங்கினேன். லாரி லேட் என்றேன். சரி என்றாள். திட்டுவாள் என்று இருந்தேன், திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அழுதிருப்பாள், முடிந்திருக்கும். சரி என்றாள், ஏறினாள். தோளில் கை வரவில்லை. அடுத்த வளைவு இறங்கினேன், வரவில்லை. வேண்டுமென்றே ஒரு குழியில் விட்டேன். வண்டி குதித்தது, கை வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அன்றிலிருந்து கம்பிதான். பத்து நாள் கழித்து, எனக்கு ஒரு கியர் சைக்கிள் வேணும், சம்பளம் வந்ததும் வாங்கிக்கறேன் என்றாள். நான் வாங்கித் தர்றேன் என்று நான் பாய்ந்தேன். பெரிய மனசு என்று நினைத்திருப்பாள். மனசும் இல்லை மண்ணும் இல்லை. அவளே வாங்கினால் அது அவள் சைக்கிள். நான் வாங்கிக் கொடுத்தால் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் என்னை நினைத்துத்தானே ஆக வேண்டும்.

மணி பன்னிரண்டு நாற்பது. "போன் பண்ணித்தான் கேளுங்களே, உயரம் தெரியாம சீட்டு வெக்க முடியாதுங்" என்றாள் அக்கா, டிபன் பாக்ஸைக் கழுவி வந்து. சொல்லாமல் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று இருக்கிறேன் என்றேன். "சொல்லாம செருப்பு வாங்கிட்டுப் போனவன் எல்லாம் அடுத்த நாளே மாத்த வந்து நிக்கறான், இது சைக்கிளு." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனைப் போட்டேன், நிரோஷா எடுத்தாள், பின்னால் டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம், ஒரு குழந்தை அழுகை. "உன் உயரம் எவ்வளவு?" "எதுக்கு?" "சும்மா." "சும்மாவா? சைக்கிள் கடையில நின்னுக்கிட்டு சும்மா கேக்குறியா?" நான் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். "போஜன் அண்ணன் சம்சாரம் இப்பத்தான் ஊசி போட்டுட்டுப் போறாங்க. எல்லாம் சொல்லிட்டாங்க." அண்ணன் வாயில் பசை தடவ வேண்டும். "சரி சொல்லு, எவ்வளவு?" "நூத்தி அம்பத்து மூணு. ஒம்போதாவதுல எடுத்தது, அதுக்கு அப்பறம் வளரல." ஐம்பத்து மூன்று. அந்தச் சொச்சம் மூன்று. "தெரியும்" என்றேன். "தெரிஞ்சா எதுக்குக் கேக்குற?" "என் தோள் வரைக்கும் இருப்பன்னு தெரியும்." "ஆமா, உன் தோளக் கழட்டிக் கடையில குடு, அளவெடுத்துக்கட்டும்." சிரித்தாள், அவள் என்னிடம் சிரித்து மூன்று வாரம் இருக்கும், எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது, கறுப்பு சைக்கிளைப் பற்றிச் சொன்னேன், ஷாக், டிஸ்க், குண்டு டயர், பார்த்தால் விடமாட்டாய் என்றேன். "வேண்டாம் சுகு. குண்டு டயர் ஏத்தத்துல இழுக்காது. ஷாக்கும் வேண்டாம், கனம். சின்ன பிரேமா, முன்னாடி சின்ன பல்லு இருக்கறதாப் பாரு." "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" "விசாரிச்சேன்." யாரிடம் என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினேன். "சரி, கேரியர் போடச் சொல்றேன், டிபன் வெச்சுக்கலாம்." "கேரியரும் வேண்டாம். முதுகுல பை இருக்கு. பின்னாடி யார உக்கார வெக்கப் போறேன்." பின்னால் டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள், நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று யாருங்க. அப்புறம் அவள் குரல், வேறு யாருக்கோ சீட்டு எழுதுகிற மாதிரி, ஏற்றம் இறக்கம் இல்லாமல், "அன்னைக்கு மழையில நின்னேன்ல." "லாரி லேட்டுன்னு சொன்னேனே." "ம். மேல டீக்கடையில உன் வண்டி நின்னுச்சு. சிவப்பு டேங்கு. கீழேருந்து நல்லாத் தெரியும்." போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "பஜ்ஜி பேப்பர கசக்கிக் கீழ போட்ட. அதுவும் தெரிஞ்சுச்சு. வெக்கறேன், ஆள் நிக்கிறாங்க."

நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். மேலே இருக்கிறவன் கீழே பார்ப்பான், அவ்வளவுதான் மலை என்று. அவளும் பார்த்திருக்கிறாள். ஒரு மணி நேரம் நனைந்துகொண்டு, சிவப்பு டேங்கைப் பார்த்துக்கொண்டு, அவன் எப்போது இறங்குவான் என்று. நடந்து போயிருக்கலாம். கத்தியிருக்கலாம், கேட்டிருக்கும். நின்றாள். நான் வந்து லாரி லேட் என்று சொன்னேன், என் வாயையே பார்த்துக்கொண்டு சரி என்றாள். அதற்குப் பிறகும் தினமும் என் பின்னால் ஏறினாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் போகிற மாதிரி. எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, கோபம், பொய் சொல்ல மாட்டேன், தெரிந்துகொண்டே ஏறியிருக்கிறாளே என்ற கோபம், கறுப்பையே வாங்கிக்கொண்டு போய் நிறுத்துகிறேன் பார் என்ற கோபம். கறுப்பின் ஹேண்டிலைப் பிடித்தேன்கூட. பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தள்ளுவாள், தோற்பாள், போன் பண்ணுவாள், வண்டியில் ஏறுவாள், எல்லாம் சரி. கை மட்டும் கம்பியில்தான் இருக்கும். இனி எத்தனை குழியில் விட்டாலும் அது கம்பியில்தான். இது புரிந்ததும் கறுப்பு சைக்கிள் வெறும் கனமாக நின்றது. "என்னங் தம்பி, அம்பத்து எத்தன?" என்றாள் அக்கா. "அம்பத்து மூணு. சாம்பல் எடுங்க." என் குரல் எனக்கே சண்டைக்கு இழுக்கிற மாதிரி கேட்டது. அவள் சீட்டை இறக்கினாள், இன்னும் இறக்கினாள், டேப் வைத்தாள், ஒரு நூல் அளவு ஏற்றினாள், பிரேக்கை அழுத்திப் பார்த்தாள், சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். "கேரியர் போடட்டுங்களா? எல்லாரும் போட்டுக்குவாங்க." வேண்டாம். "பெல்?" பெல் போடுங்க. வளைவில் அடிக்கட்டும்.

மண்டிக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஏறினேன், முட்டி ஹேண்டிலில் இடித்தது, இரண்டு மிதி மிதித்து இறங்கிவிட்டேன், அது எனக்கான சைக்கிளே இல்லை. அவள் உட்காரப் போகும் சீட் என் இடுப்புக்குக் கீழே வர, ஒரு கையால் தள்ளிக்கொண்டு வெயிலில் நடந்தேன், எதிரே வந்த இரண்டு பையன்கள் பெல்லை அடித்துவிட்டு ஓடினார்கள். போஜன் அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். "என்றா இது, பொடிசா? உனக்கா?" "எனக்கில்லண்ணா." "அப்ப சரி. கட்டிப் போடு, விட்டா பல்டி அடிச்சு வெளிய போயிரும், காத்தாட்டம் இருக்கு." காலிக் கூடைகளுக்கு நடுவில் தூக்கி வைத்தேன், ஒரு கையில் வந்தது, எனக்கு அந்தக் கனமில்லாததுதான் எரிச்சலாக இருந்தது. கேரட் மூட்டை கட்டுகிற சணல் கயிற்றை எடுத்து பிரேமில் இரண்டு சுற்று, லாரிக் கம்பியில் மூன்று சுற்று, முன் சக்கரம், பின் சக்கரம், எங்கெல்லாம் முடிச்சு போட முடியுமோ அங்கெல்லாம் போட்டேன். போதும்டா, மாட்டையா கட்டுற என்று அண்ணன் கத்தினார். இன்னும் ஒன்று போட்டேன். லாரி கிளம்பியது, நான் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டேன், கோத்தகிரி ரோட்டின் முதல் வளைவில் சைக்கிள் அசையவே இல்லை. பெல் மட்டும் தானாக ஒரு தடவை அடித்தது. ஐந்து மணிக்கு லாரியை மூன்றாவது வளைவில் நிறுத்தச் சொல்வேன், அவள் நிற்பாள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், நான் போட்ட முடிச்சை எல்லாம் ஒவ்வொன்றாக நான்தான் அவிழ்க்க வேண்டும்.